மாரத்தானுக்கு முந்தைய மூன்று வாரங்கள்

ஜனவரியில் சென்னை மாரத்தானில் நன்கொடை திரட்டி முழுத் தூரமும், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓடப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கடைசி நீண்ட ஓட்டத்தை (30 அல்லது 32 கிலோமீட்டர்) மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் தூரத்தைக் குறைக்க வேண்டியதுதான். வாரம் 50 கிலோமீட்டர் ஓடியவர் 40, 30 என்று இறங்கலாம். வேகத்தைக் குறைக்க வேண்டாம். கால் சும்மா இருக்காது, பயிற்சி போதவில்லையோ என்று மனசு அரிக்கும். நான் ஒருமுறை அப்படித்தான் கடைசி ஞாயிறு 25 கிலோமீட்டர் ஓடிவிட்டு, பந்தயத்தன்று கனத்த காலோடு நின்றேன்.

புது ஷூ வேண்டாம். முந்தின இரவு பிரியாணியும் வேண்டாம், பழகிய இட்லியோ சோறோ போதும். பந்தயம் விடியுமுன்பே தொடங்கும் என்பதால் கடைசிப் பயிற்சிகளையும் அந்த நேரத்துக்கே மாற்றுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் வேர்வை கொட்டும். வெறும் தண்ணீர் போதாது, கொஞ்சம் உப்பும் சேரட்டும்.

நன்கொடைக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் கட்டைவிரல்தான் வரும். ஓட்டம் குறைந்து மிஞ்சும் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்து கேளுங்கள், குறிப்பாகச் சம்பளம் வந்த வாரத்தில்.