25,000 வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்ப்பது எப்படி

என் முதல் நல்ல மல்டிமீட்டர் செத்தது ஒரு 21 இன்ச் கலர் டிவியில்தான். ஹை வோல்டேஜ் ப்ரோப் ஒழுங்கானது, தொட்ட இடமும் சரி, எர்த் கிளிப்பை மட்டும் பெயின்ட் அடித்த ஒரு தகட்டில் மாட்டிவிட்டு மாட்டியாச்சு என்று நினைத்துக்கொண்டேன். படக்கென்று ஒரு சத்தம், அதோடு டிஸ்ப்ளே காலி. மீட்டர் மேஜைமேல் கிடந்தது, நான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.

பிக்சர் டியூப் டிவிகளை இன்னும் யார் பிரிக்கிறார்கள் என்று கேட்கலாம். பழைய வீடியோ கேம் ஆடுகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள், 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் செட்டுகளும் எத்தனையோ பரண்களில் இருக்கும். படம் ஊதிப்போய் மங்கலாகத் தெரிகிறது, அல்லது செட் ஆன் ஆன உடனே தானாக அணைகிறது என்றால் ஈஎச்டி, அதாவது பிக்சர் டியூபுக்குப் போகிற மிக உயர்ந்த வோல்டேஜ், எவ்வளவு வருகிறது என்று பார்த்தாக வேண்டும். கலர் டியூபுக்கு அளவைப் பொறுத்து 20,000 முதல் 27,000 வோல்ட் வரை வரும். அதிகமாகப் போனாலும் ஆபத்து, எக்ஸ்ரே கூடும் என்பதால்தான் பல செட்டுகளில் தானே அணைகிற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

சாதாரண மீட்டரின் எல்லை பெரும்பாலும் 1,000 வோல்ட் டிசி. அதன் சிவப்பு லீடைக் கொண்டுபோய், ஈஎச்டி டியூபுக்குள் நுழைகிற இடமான ஆனோட் கேப்பில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும், கூர்மையான முனையாக இருந்தால் இன்னும் தூரம் தாண்டும். அப்படியானால் 25,000 வோல்ட்டுக்கு மீட்டருக்குள் இருக்கிற போர்டு ஒரு தடையே இல்லை. "உள்ளே ஃப்யூஸ் இருக்கே" என்று சொல்லாதீர்கள், அது ஆம்பியர் அளக்கிற சாக்கெட்டுக்கு உள்ள ஃப்யூஸ், வோல்ட் அளக்கும்போது அதற்கு வேலையே இல்லை. மீட்டர்மேல் எழுதியிருக்கிற கேட் 3, கேட் 4 எல்லாம் வீட்டு வயரிங், மெயின் போர்டு பக்கம் வருகிற திடீர் எழுச்சியைத் தாங்குவது பற்றியது, ஈஎச்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கென்று இருப்பதுதான் ஹை வோல்டேஜ் ப்ரோப். நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி, நடுவில் வளையம் வளையமாக இருக்கும். உள்ளே இருப்பது இரண்டே ரெசிஸ்டர்: மேலே 1,000 மெகாஓம், கீழே சுமார் 1.11 மெகாஓம். கீழே உள்ளதோடு மீட்டரின் உள்தடையான 10 மெகாஓம் பக்கவாட்டில் சேரும்போது சரியாக 1 மெகாஓம் ஆகிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு மீட்டருக்கு வருகிறது. 25,000 வோல்ட் என்றால் மீட்டரில் 25 வோல்ட். 40,000 வோல்ட் வரை தாங்குகிற ஃப்ளூக் 80கே-40 இந்த வகைதான்.

இந்தக் கணக்கில் மீட்டரும் ஒரு பங்காளி என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் நிற 830 வகை மீட்டருக்கு உள்தடை 1 மெகாஓம்தான். அதை இந்த ப்ரோப்போடு மாட்டினால் 25 காட்ட வேண்டிய இடத்தில் 13 காட்டும், அடடா ஈஎச்டி பாதிதான் வருகிறது என்று நினைத்து நீங்கள் பி-பிளஸ்ஸை, அதாவது செட்டின் முக்கிய டிசி சப்ளையை, ஏற்றிக்கொண்டே போவீர்கள். ஆட்டோ ரேஞ்ச் மீட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு, மில்லிவோல்ட் ரேஞ்சில் பல மீட்டர்களின் உள்தடை 10 மெகாஓமைவிட மிக அதிகம், அங்கே நின்றால் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். அதனால் ரேஞ்சைக் கையால் டிசி 200 வோல்ட் பக்கம் வைத்து நிறுத்துங்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் ப்ரோப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. செட்டின் பி-பிளஸ் லைன் பெரும்பாலும் 110 வோல்ட் சுற்றி இருக்கும், அதை முதலில் மீட்டரின் சொந்த லீடில் அளந்துவிட்டு, அப்புறம் 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து ப்ரோப்பால் அளந்தால் 0.11 வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைக்குக் கடையைக் கட்டுங்கள்.

இனி எர்த் கிளிப். இதை எங்கே மாட்டுவது? டியூபின் பின்பக்கக் கறுப்புப் பூச்சின்மேல் பின்னலாக ஒரு வெற்றுக் கம்பி ஓடும், அதில். பவர் சப்ளை பக்கத்தில் மெயின் கரண்ட்டோடு தொடர்புள்ள ஹாட் கிரவுண்டில் மாட்டவே கூடாது. மிகப் பழைய சில செட்டுகளில் சேஸிஸே கரண்ட்டோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கும், மெயின் கரண்ட்டிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றில் கை வைக்காதீர்கள். மாட்டிய பிறகு கிளிப்புக்கும் பேனல் (சர்க்யூட் போர்டு) கிரவுண்டுக்கும் நடுவே ஓம் வைத்துப் பாருங்கள், நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது இந்த ஒரு நிமிட வேலையைத்தான். கிளிப் விட்டுப்போனால் மீட்டர் மொத்தமும் 25,000 வோல்ட்டில் மிதக்கும். மேலே 1,000 மெகாஓம் இருப்பதால் கரண்ட் 25 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது, அது ஆளைக் கொல்லாது, ஆனால் பொறி தெறித்ததும் நீங்கள் வெடுக்கென்று இழுக்கிற கை எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

டிவிக்குள் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது தெரியுமா? டியூபில் தேங்குகிற ஆற்றல் அரை ஜூலுக்குச் சற்று மேல். மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரில், 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்து வருகிற 325 வோல்ட்டும் 220 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் பதினோரு ஜூல் தேறும். ஈஎச்டியைக் கண்டு பின்வாங்கிய கை பெரும்பாலும் அதன்மேல்தான் போய் விழுகிறது.

அளக்கும் முறை இது. பிளக்கை உருவிவிடுங்கள், ஸ்விட்ச் போதாது. மோதிரம், வாட்ச், காப்பு கழற்றி வைத்துவிடுங்கள். ப்ரோப்பை உலர்ந்த துணியால் துடையுங்கள், தூசியும் ஈரமும் சேர்ந்தால் அதன் மேற்பரப்பு வழியாகவே கரண்ட் ஊர்ந்து வரும், சென்னை வெயிலில் வியர்வைக் கையோடு வேலை செய்கிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். கிளிப்பை மாட்டி, ப்ரோப்பை மீட்டரில் செருகி, பிளக் இல்லாத நிலையிலேயே அதன் முனையை ஆனோட்டின் ரப்பர் கப்புக்குள் நுழைத்து, உள்ளே இருக்கிற உலோகக் கொக்கியைத் தொடவையுங்கள். மிச்சம் இருக்கிற சார்ஜ் மீட்டரில் தெரியும், அது ப்ரோப் வழியாகவே வடியும், டியூபின் கெப்பாசிட்டன்ஸ் ஒன்றிரண்டு ஆயிரம் பிக்கோஃபாரட் என்பதால் பத்துப் பதினைந்து வினாடியில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வைத்துப் படாரென்று ஷார்ட் செய்வதைவிட இது நல்லது, அந்த அடியில் பேனலில் இருக்கிற ஐசி போவதுண்டு.

ப்ரோப் தானாக நிற்கும்படி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கையில் பிடித்தே ஆக வேண்டும் என்றால் வளையத்துக்குப் பின்னால் மட்டும், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். காலுக்கடியில் ரப்பர் மேட், பக்கத்தில் பிளக்கை உருவத் தெரிந்த ஒருவர். இப்போது ஆன் செய்யச் சொல்லி, படம் வரும் வரை காத்திருந்து, அளவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆஃப். பிறகு பிளக்கை உருவி, மீட்டர் பூஜ்யம் காட்டும் வரை ப்ரோப்பை எடுக்காதீர்கள். எர்த் கிளிப்பைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

ப்ரோப் கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும். ஈஎச்டி டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிற லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வினாடிக்கு 15,625 முறை ஆயிரம் வோல்ட் பல்ஸ் அடிக்கும், இந்த ப்ரோப்பும் சரி மீட்டரும் சரி அந்த வேகத்துக்குச் செய்ததல்ல. மைக்ரோவேவ் அவனில் 4,000 வோல்ட்தான், ப்ரோப்பின் எல்லைக்குள்ளேயே வருகிறது, ஆனால் பின்னால் நிற்பது நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் தள்ளக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர், ஒரே தொடுதலில் ஆள் காலி. அதன் ஹை வோல்டேஜை அளக்கவே வேண்டாம், பிளக்கை உருவி கெப்பாசிட்டரை வடித்துவிட்டு ஓம் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம். தெருவில் போகிற 11,000 வோல்ட் லைன் பற்றிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குப் பதில் இல்லை, இந்த ப்ரோப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ரெசிஸ்டர்களைக் கோத்து நாமே ப்ரோப் செய்யலாமா? கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று தாங்குவது 250 வோல்ட் அளவுதான், 25,000 வோல்ட்டுக்கு நூறு வேண்டும், ஒவ்வொரு சால்டர் முனையிலும் காற்றில் கசியும், அதைக் கையில் பிடிக்கப்போவது நீங்கள். பழைய சாமான் கடையில் முள் மீட்டர் வைத்த பழைய ப்ரோப் கிடைத்தால் அது எவ்வளவோ மேல், தனி மீட்டரே வேண்டாம்.

டியூபைக் கழற்றித் தனியாக வைக்கப்போகிறீர்கள் என்றால் ஆனோட்டையும் அந்தப் பின்னல் கம்பியையும் ஒரு வயரால் இணைத்தே வையுங்கள். முழுக்க வடித்த டியூபில்கூட கண்ணாடிக்குள் ஊறிய சார்ஜ் மெல்ல மேலே வரும், மறுநாள் தூக்கும்போது சுரீர் என்று அடிக்கும், டியூபைக் கீழே போட்டுவிடுவீர்கள்.