பவர்பாயிண்ட் அனிமேஷன்: கண்ணை உறுத்தாமல் செய்வது எப்படி?

ஸ்லைடு செய்யக் கற்ற புதிதில் நான் ஒரு வரியையும் சும்மா விட்டதில்லை. தலைப்பு குதித்து வரும், படம் சுழன்று வரும். ஒரு கூட்டத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர், "முதல்ல அது வந்து உட்காரட்டும், அப்புறம் பேசுங்க" என்றார். அன்றிலிருந்து, வாய் இன்னும் சொல்லாததைத் திரை முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்க மட்டும்தான் எனக்கு அனிமேஷன்.

ஐந்து வரி உள்ள ஒரு ஸ்லைடில் தொடங்குவோம். டெக்ஸ்ட் பாக்ஸைத் தேர்ந்தெடுத்து 'அனிமேஷன்ஸ்' டேபுக்குப் போங்கள். பச்சை நட்சத்திரங்கள் உள்ளே வருவதற்கு, மஞ்சள் அழுத்தம் கொடுப்பதற்கு, சிவப்பு வெளியே போவதற்கு. பச்சையில், மெல்லத் தோன்ற வைக்கும் 'ஃபேட்' போதும். பக்கத்தில் 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' திறந்து 'பை பாராகிராஃப்' கொடுங்கள். 'ஸ்டார்ட்' என்ற இடத்தில் 'ஆன் கிளிக்' இருக்கட்டும். இனி ஒரு கிளிக்குக்கு ஒரு வரி.

'டியூரேஷ'னில் கை வைக்க வேண்டாம். ஃபேடுக்கு அதுவாகவே வரும் 0.5 விநாடி சரியாக இருக்கும். 'பவுன்ஸ்' போட்டால் 2 விநாடி. ஐந்து வரிக்கு 10 விநாடி எல்லோரும் துள்ளலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அனிமேஷன் உண்மையிலேயே கைகொடுப்பது சார்ட்டில். இரண்டு ஆண்டு விற்பனையை இரண்டு கோடுகளாக வரைந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். சார்ட்டுக்கு 'வைப்' (Wipe) கொடுத்து, 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்'-இல் திசையை 'ஃப்ரம் லெஃப்ட்' என்று மாற்றி, ஒரு கிளிக்குக்கு ஒரு கோடு வர 'பை சீரீஸ்' தேர்ந்தெடுங்கள். முதல் கிளிக்கில் வெறும் அச்சுகள்தான் வரும், பதற வேண்டாம். 'அனிமேஷன் பேன்' திறந்து, அதில் சார்ட்டின் பெயர் உள்ள வரியில் வலது கிளிக், 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்', 'சார்ட் அனிமேஷன்'. அங்கே பின்னணியை வரைந்து தொடங்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது அச்சுகள் முதலிலேயே நிற்கும். பழைய ஆண்டின் கோடு இடமிருந்து வலமாக ஓடும். அதைப் பேசி முடித்தபின் அடுத்த கிளிக்கில் புதிய ஆண்டு. இரண்டும் பிரியும் இடம் எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படும்.

படமும் அதன் குறிப்பும் சேர்ந்து வரவேண்டுமா? குறிப்புக்கு 'ஸ்டார்ட்' என்ற இடத்தில் 'வித் பிரீவியஸ்'. ஸ்லைடு மாறும் டிரான்சிஷன் ஒரே வகையாக இருக்கட்டும். சத்தம் வேண்டவே வேண்டாம்.

யாருக்காவது பிடிஎஃப் அனுப்புவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். அதில் அனிமேஷன் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறைத்துக் காட்டிய படங்கள் குவியலாகத் தெரியும். அப்படிப்பட்ட ஸ்லைடை மட்டும் இரண்டாகப் பிரித்துவிட்டு அனுப்புங்கள்.