உறைகுளிரில் நின்றுபோன டிராக்டர்: என் அனுபவம்

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் நான் வேலை பார்க்கும் பண்ணையில், மைனஸ் 28 டிகிரி செல்சியஸ் குளிரில், டீசல் டிராக்டர் கிளம்பிய சில நிமிடங்களிலேயே திணறி நின்றுபோனது. பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாகவே இருந்தன. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோதுதான், தொட்டியில் மீந்திருந்த கோடைக்கால டீசலின் மெழுகு குளிரில் படிகமாகப் பிரிந்து, வெண்ணெய் பூசியதுபோல் அதை அடைத்திருந்தது தெரிந்தது. வண்டியைச் சூடேற்றப்பட்ட கொட்டகைக்குள் இழுத்து நிறுத்தி, மெழுகு முழுவதும் கரைந்த பிறகு பழைய டீசலை வடித்துவிட்டுக் குளிர்கால டீசல் நிரப்பி, புது ஃபில்டர் பொருத்தி, குழாய்களில் புகுந்த காற்றையும் வெளியேற்றினேன். எஞ்சின் சீராக ஓடியது. இப்போது கிளப்புவதற்குச் சில மணி நேரம் முன்பே எஞ்சினைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் இணைத்துவிடுகிறேன். குளிரில் கிளம்ப உதவியாக எஞ்சின் உட்புறத்தைச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள எஞ்சினில், சட்டெனத் தீப்பற்றும் ஈத்தர் திரவத்தைக் கிளப்புவதற்காக அடிப்பதை நான் அறவே ஏற்பதில்லை; சூடான பிளக்கில் அது உரிய நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.