தோற்கிற அணியோடு ஒரு சீசனை ஓட்டுவது எப்படி

உங்கள் ஊர் பேஸ்பால் அணி கைமாறிவிட்டது. புது முதலாளி வந்த கையோடு பெயர் தெரிந்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தள்ளிவிடுகிறார். சீசனில் இருக்கிற 162 ஆட்டத்தில் நூறாவது தோற்பார்கள் என்று ஊருக்கே தெரியும். டிக்கெட் மட்டும் மலிவு. ஹூஸ்டனில் நான் இந்தத் தோல்வியை மூன்று வருஷம் வரிசையாகப் பார்த்தேன். எங்கள் அணி ஆஸ்ட்ரோஸ் 2011இல் 106 ஆட்டம் தோற்றது, 2012இல் 107, 2013இல் 111. "காசு கொடுத்துத் தோற்கிறதைப் பார்க்கப் போறீங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். போகலாம். ஆனால் பார்க்கிற விதம் வேறு.

முதலாளி என்ன பேசுகிறார் என்பதைக் காதில் வாங்காதீர்கள். யாரை வேலைக்கு வைக்கிறார் என்று பாருங்கள். சரக்குப் போக்குவரத்தில் சம்பாதித்த ஜிம் கிரேன் 2011 கடைசியில் அணியை வாங்கினார். அடுத்த மாதமே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இருந்து ஜெஃப் லூனோவைக் கொண்டுவந்து, ஆட்களைச் சேர்க்கும் பொறுப்புள்ள ஜெனரல் மேனேஜர் ஆக்கினார். அவர் பின்னாலேயே நாசாவில் வேலை பார்த்த சிக் மெய்டால் வந்தார், எண்களோடு மல்லுக்கட்டுகிறவர். இவர்கள் இந்த வருஷத்து வெற்றிக்காக வரவில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கு ஜூன் மாதம்தான் புரிந்தது.

அப்போது ஜூனில்தான் டிராஃப்ட். புதிய இளைஞர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் நாள். அன்றைய விதிப்படி முந்தைய வருஷம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. (இப்போது குலுக்கல் வந்துவிட்டது; வேண்டுமென்றே தோற்பதில் பழைய லாபம் இல்லை.) 2012இல் முதல் இடத்துக்கு ஒதுக்கிய தொகை 72 இலட்சம் டாலர். ஆஸ்ட்ரோஸ் எடுத்த கார்லோஸ் கொரேயா 48 இலட்சத்துக்கே ஒப்புக்கொண்டார். மிச்சத்தையும் சேர்த்து 25 இலட்சம் கொடுத்து, 41ஆவது இடம்வரை விலை போகாமல் இருந்த லான்ஸ் மெக்கல்லர்ஸ் என்ற பள்ளிக்கூடப் பையனைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மாட்டின் விலைக்கே கன்றையும் ஓட்டிவந்த கதை. ஐந்து வருஷம் கழித்து, கோப்பைக்கான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்களுக்காகப் பந்துவீச்சை ஆரம்பித்து வைத்தவர் அந்தப் பையன்தான். ஆகவே சீசனில் ஒரே ஒரு நாளைக்குத்தான் நேரம் உண்டு என்றால், அதை டிராஃப்டுக்கு ஒதுக்குங்கள்.

அடுத்து, பாயிண்ட் டேபிளை மறந்துவிட்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர், இந்தக் குப்பையிலும் நன்றாக ஆடுகிறவர். எனக்கு ஹோசே அல்டூவே. ஐந்தரை அடியைத் தாண்டாத உயரம். தேர்வுக்கு வந்தபோது குள்ளம் என்று திருப்பி அனுப்பினார்கள், மறுநாளே திரும்ப வந்து நின்றார், 15,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டாமவர் மைனர் லீகில் இருப்பவர். 2013இல் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் கீழ்மட்ட அணிகளில் 37 ஹோம்ரன் (வேலிக்கு மேல் போகும் அடி) அடித்து 45 பேஸ் திருடினார் (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அவர் கார்பஸ் கிறிஸ்டியில் ஆடியபோது மூன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தோம். மைதானத்துக்கு அப்பால் துறைமுகப் பாலம், உப்புக்காற்று. பெரிய அணியில் கிடைக்காத நிம்மதி அங்கே கிடைத்தது. மூன்றாமவர் யாருக்கும் தெரியாதவராக இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆடும் இடங்களுக்கு எண் உண்டு: பிட்ச்சர் (பந்து வீசுகிறவர்) 1, கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் பிடிக்கிறவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) 6. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் போய், அங்கிருந்து இரண்டாம் பேஸ், பிறகு முதல் பேஸ் என்று இருவர் அவுட்டானால் 6-4-3. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (பந்தை அடிக்காமலே மூன்று வாய்ப்பும் போய் அவுட்டாவது) ஆங்கில 'கே', மட்டையை வீசாமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். 2013இல் எங்கள் ஆட்கள் 1,535 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார்கள், அன்றைக்கு அது லீக் சாதனை. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி எடுத்துப் போவேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 2, சீசனின் இரண்டாவது ஆட்டம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் யூ டார்விஷ் பந்து வீசுகிறார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட். வந்த 26 பேரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் போயிருக்கிறார்கள், அதில் 14 'கே'. இன்னும் ஒருவரை அனுப்பினால் பெர்ஃபெக்ட் கேம், ஒருவரையும் பேஸ் ஏற விடாத ஆட்டம். "அப்பா, நாம யாருக்குக் கைதட்டணும்?" என்றாள் மகள். எனக்குப் பதில் தெரியவில்லை. மார்வின் கொன்சாலெஸ் வந்தார், எங்கள் வரிசையில் கடைசி ஆள். முதல் பந்தையே அடித்தார். அது டார்விஷின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது, கொன்சாலெஸ் முதல் பேஸ் சேர்ந்துவிட்டார். 7-0 என்று தோற்றோம், மைதானம் எழுந்து நின்றது. நோட்டில் 26 கட்டம் அடைத்து ஒரே ஒரு சின்னக் கோடு. என் மூன்றாவது ஆள் அவர்தான் என்று அன்றே முடிவாகிவிட்டது.

கணக்குக்கு ஒரு எண் போதும்: எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் கழித்துப் பாருங்கள். 2013இல் 610 எடுத்து 848 கொடுத்தோம். தோல்வி எண்ணிக்கை குறையும் முன்பே இந்த இடைவெளி குறைய ஆரம்பித்தால் பொறுமைக்கு அர்த்தம் உண்டு.

முதலாளியின் பையையும் கவனியுங்கள். அந்த வருஷம் அணி மொத்தத்துக்கும் சம்பளம் சுமார் 2.6 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒருவரே அதைவிட அதிகம் வாங்கினார். இதைச் சிக்கனம் என்பதா, கஞ்சத்தனம் என்பதா? பையன்கள் தேறிய பிறகு பை திறக்கிறதா என்பதில்தான் தெரியும். 2017 ஆகஸ்ட் 31, ஆள் வாங்குவதற்கான நள்ளிரவுக் கெடு முடியும் நேரத்தில் பெயர்பெற்ற பிட்ச்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கினார்கள். திறந்தது. திறக்காத முதலாளிகளும் உண்டு. ஐந்தாவது வருஷமும் அதே பேச்சு என்றால் டிக்கெட் வாங்குவதை நிறுத்துங்கள்.

எண்காரர்களைக் கடவுளாக்க வேண்டாம். 2013 டிராஃப்டில், பின்னாளில் நட்சத்திரமான கிறிஸ் பிரையன்ட் இருக்க, மார்க் அப்பெலை எடுத்தார்கள். அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜே.டி. மார்டினெஸை 2014இல் சும்மாவே அனுப்பினார்கள். டெட்ராய்ட்டில் போய் வெளுத்துக் கட்டினார்.

2017 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் கென்லி ஜான்சன் வீசிய பந்தைக் கொன்சாலெஸ் வேலிக்கு மேல் அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தார். வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கோப்பையும் வந்தது. அப்புறம் அந்தச் செய்தியும் வந்தது, 2020 ஜனவரியில் உறுதியானது: அந்த சீசனில் சொந்த மைதானத்தில் கேமரா வைத்து அடுத்து என்ன பந்து என்று பிட்ச்சருக்குக் காட்டும் எதிரணி கேட்ச்சரின் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள். லூனோ போனார், 50 இலட்சம் டாலர் அபராதம்.

மகள் 2017 நோட்டை எடுத்து, ஹூஸ்டனில் நடந்த ஆட்டங்களின் மூலையில் எல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டாள். நான் அழிக்கவில்லை. 2013 நோட்டையும் புரட்டிப் பார்த்தாள். அதில் எதுவும் போடாமல் அலமாரியில் திருப்பி வைத்தாள்.