பால்வாடி பிள்ளைங்கள வெளிய விடும்போது நாம பண்ற தப்புங்க

அங்கன்வாடியோ ப்ளே ஸ்கூலோ எதுவா இருந்தாலும் சரி, பிள்ளைங்கள வெளிய விட்ட உடனே டீச்சர் என்ன பண்றாங்கன்னு பாருங்க, நிழல்ல சேரை இழுத்துப் போட்டு ரிஜிஸ்தர் எழுத உக்காருவாங்க, இல்லன்னா போன். குத்தம் சொல்லல, நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்தேன். பாடம் முடிஞ்சுது இனிமே விளையாட்டுன்னு நாமளா ஒரு கோடு போட்டுக்கறோம், மூணு வயசுக்கு ஏதுங்க அந்தக் கோடு.

அதுக்காக பாடம் நடத்தறேன்னு கூடவே போய் நிக்கறதும் தப்பு, இத நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒருநாள் காலையில மழை விட்டிருந்துச்சு, ஒரு பொண்ணு கொட்டாங்கச்சியில தண்ணி மொண்டு மொண்டு உடைஞ்ச பைப் துண்டுக்குள்ள ஊத்திட்டு இருந்தா. ஊத்துவா, அந்தப் பக்கம் ஓடிப்போய் குனிஞ்சு பாப்பா, தண்ணி வராது, திரும்ப ஓடிவந்து ஊத்துவா. அந்த முனை ஒரு கல்லு மேல ஏறி நிக்குது, அதான் வரல. நான் சும்மா இல்லாம போய் "பாப்பா, இந்த பைப் என்ன கலர்?"ன்னு கேட்டேன். "கருப்பு". "கொட்டாங்கச்சி எத்தன இருக்கு, எண்ணு பாப்போம்". கொட்டாங்கச்சிய கீழ வச்சிட்டு எழுந்து போயிட்டா, அவ்ளோதான். இன்னும் நாலு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருந்தா கல்ல அவளே தள்ளிப் பாத்திருப்பா. இப்பல்லாம் பக்கத்துல போய் உக்காந்துக்கறேன், பிள்ளை அதுவா என் முகத்த பாத்தா மட்டும் "அட, அந்தப் பக்கம் வரலையா?"ன்னு ஒரு வார்த்தை, அதோட சரி.

அடுத்தது காச கொட்டி கலர் கலரா பிளாஸ்டிக் சறுக்கு வாங்கி வைக்கறது. வாங்குங்க வேணாங்கல, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா பிள்ளைங்க அது அடியில உக்காந்து மண்ணுல இட்லி ஊத்திட்டு இருக்கும். கொட்டாங்கச்சி, பழைய டயர், நுங்கு எடுத்த காய், பூவரச இலை, ஓட்டை பக்கெட் இதுங்கள ஒரு மூலையில போட்டு வைங்க போதும். அந்த பைப்ப நான் வேப்பமரத்துல கயித்துல கட்டி விட்டுட்டேன், முனைய ஏத்தி இறக்கி இன்னிக்கும் அடிச்சிக்கிட்டு விளையாடுதுங்க.

"ஏறாத, விழுந்துடுவ"ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவ கத்தறோமே, அதுல பாதி வேண்டாத கத்தல். தாழ்வான கிளையில ஏறுற பிள்ளைக்கு உயரம் கண்ணுக்குத் தெரியும், அதுவே பாத்து பாத்து கால் வைக்கும், நாம பக்கத்துல நின்னா போதும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துதான் நம்ம வேலை. வேலியோரம் காட்டாமணக்கு இருக்கான்னு பாருங்க, கொட்டைய முந்திரி மாதிரி தின்னுட்டு வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடற கதை நம்ம ஊர்ல சகஜம். அரளி, குன்றிமணி வேண்டவே வேண்டாம். தண்ணி பிடிச்சு வச்ச பக்கெட்ட மூடாம விடாதீங்க, சின்னக் குழந்தை மூழ்க ரெண்டு இஞ்ச் தண்ணி போதும். இரும்பு சறுக்கு வெயில்ல சுடுதான்னு முதல்ல உங்க கைய வச்சுப் பாருங்க. மண்ணுக்குழிய ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடலன்னா பூனை வந்து அசிங்கம் பண்ணும். சோப்பு போட்டு கை கழுவாம சாப்பிட உக்கார வைக்காதீங்க, புழு முட்டை மண்ணுலதான் இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவ குடற்புழு மாத்திரை குடுக்கறது சும்மா இல்ல.

நேரம். சித்திரை வெயில்ல பதினோரு மணிக்கு வெளிய விட்டுட்டு "பிள்ளைங்க சோர்ந்து போகுதுங்க, வெளிவிளையாட்டே சரிப்படல"ன்னு சொன்னா எப்படி? வந்ததும் காலையிலேயே விடுங்க. மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும், அதுல 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லியாச்சு, நம்ம பத்து நிமிஷ பெல் எந்த மூலைக்கு. கண்ணுக்கும் நல்லது, கிட்டப்பார்வைய குறைக்க தைவான்ல 2010லேர்ந்து ஸ்கூல் பிள்ளைங்கள தினம் 120 நிமிஷம் வெளிய விடச் சொல்லி திட்டமே போட்டாங்க. வெயில்ல நிறுத்தணும்னு இல்ல, மர நிழல் வெளிச்சமே ட்யூப்லைட்ட விட பல மடங்கு.

அப்புறம் இந்த தண்டனை, "எழுதலல்ல, நீ உள்ளயே உக்காரு". உக்கார முடியாத பிள்ளையத்தான் உக்கார வைக்கறோம், அதுக்குத்தான் ஓட்டம் அதிகமா வேணும்.

கடைசியா அம்மாக்கள் சண்டை. மண்ணு ஒட்டினதுக்கு வாசல்ல நின்னு கத்துவாங்க, அதுவும் பொம்பளப் பிள்ளைன்னா டபுள். அதுக்கு பயந்து கவுன் போட்ட பிள்ளைங்கள மட்டும் திண்ணையில உக்கார வச்சு கோலம் போடவிட்ட டீச்சரம்மா ஒருத்தர எனக்குத் தெரியும். நான் சேர்க்கும்போதே சொல்லிடறேன், பழைய டவுசர் சட்டை ஒண்ணு பையில வைங்க, பொண்ணுக்கும் டவுசர்தான், சாயந்திரம் அழுக்காத்தான் வரும்னு. ஒரு மாசம் முறைப்பாங்க, அப்புறம் அவங்களே பழைய டயர் கொண்டுவந்து போடுவாங்க.