கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதா? வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“இனிப் பயமில்லை மச்சான், கவர்மென்டே விட்டுட்டுது.” மீரிகமவில் கஞ்சா வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏழு பேருக்கு அனுமதி என்று 2025இல் செய்தி வந்த நாட்களில், வெள்ளவத்தைத் தேத்தண்ணிக்கடை ஒன்றில் பக்கத்து மேசையில் கேட்ட கதை இது. சொன்னவர் தலைப்போடு நிறுத்திவிட்டார் போலும். ஏற்றுமதிக்கு மட்டும் என்று செய்தியிலேயே இருந்தது.

கொழும்பில் இந்த விவாதம் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. ‘சட்டபூர்வம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஏற்றுமதிப் பயிர் ஒன்று. மருந்தாகக் கொடுப்பது வேறு. கொஞ்சம் வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவது இன்னொன்று. கடை திறந்து விற்பது முற்றிலும் வேறு. போர்த்துக்கல் 2001இல் செய்தது மூன்றாவதை மட்டும். அங்கே கஞ்சா இன்றும் தடைதான், ஆனால் சிறிய அளவோடு பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு குழுவின் முன் போகிறார். கனடா 2018இல் கடையே திறந்தது. ஜேர்மனி 2024இல் வளர்ந்தவர்களுக்கு 25 கிராம் வரை கையில் வைத்திருக்கவும், வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் விட்டது. கடைக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒருவர் போர்த்துக்கலை நினைத்து ‘வேண்டும்’ என்கிறார், மற்றவர் கனடாவை நினைத்து ‘வேண்டாம்’ என்கிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தையா கதைக்கிறார்கள்?

நம் நாட்டில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்குத் தனி வழி உண்டு. அதைக் காட்டி, “நம் பாட்டன் காலத்து மூலிகைதானே, என்ன செய்துவிடும்” என்பது அடுத்த தவறு. வைத்தியர் சுத்தி செய்து, அளந்து, வேறு சரக்குகளோடு சேர்த்து லேகியத்தில் போடுவதும், யாரோ சுருட்டிக் கொடுத்ததை இழுப்பதும் ஒன்றல்ல. மதன மோதகம் என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றுப் பிடிபடும் போதை உருண்டைக்கும் பாட்டன் பொறுப்பில்லை.

ஆபத்தைப் பற்றியும் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். ஒரு முறை இழுத்தவுடன் பைத்தியம் பிடிக்கும் என்று பயம் காட்டினால், இழுத்துப் பார்த்த பெடியன் மறுநாள் நாம் சொல்வது எதையும் நம்பமாட்டான். “அடிமையாகவே மாட்டோம்” என்பதும் பொய். பாவிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் விடமுடியாத நிலைக்குப் போகிறார், பதின்ம வயதில் தொடங்கினால் அது கூடும். போதை தரும் பொருளான டி.எச்.சி. அதிகமுள்ள வகையை நாள்தோறும் பாவிப்பவர்களுக்கு மனச்சிதைவு ஆபத்தும் உயர்கிறது. குடும்பத்தில் முன்பே அந்த நோய் இருந்தால் விளையாட வேண்டாம்.

ஐ.நா.வையும் இழுப்பார்கள். 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சா, ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, சரி. அதே உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில், அதாவது கட்டுப்பாட்டுக்குள், அது அப்படியே இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

தாய்லாந்து உதாரணத்தையும் பாதியில் நிறுத்தக்கூடாது. 2022இல் திறந்துவிட்டார்கள். விதிமுறை வருமுன் கடைகள் வந்தன. 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் என்று திரும்பக் கட்டினார்கள். என்னைக் கேட்டால், சிறு அளவுக்காக ஒரு இளைஞனின் வேலையும் கடவுச்சீட்டும் கெடுவது அநியாயம். அதற்காகக் கடை திறக்க அவசரப்படுவதும் சரியில்லை. வரி வருமானம் கொட்டும் என்பவர்கள், முதலில் கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தை, ஒழிக்க முடியாத நாட்டில் யார் அந்தக் கடைகளைக் கண்காணிப்பார் என்று சொல்லட்டும்.

கடைசியாக, வாதத்தைச் சட்டமென்று எண்ணிப் பயணப்பையைக் கட்டாதீர்கள். பாங்கொக்கிலிருந்து வரும் ‘குஷ்’ என்ற கஞ்சா வகை கட்டுநாயக்க விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிறது. அங்கே கடையில் பில்லோடு வாங்கிய கஞ்சா ஜெலி மிட்டாயாக இருந்தாலும், சுங்க அதிகாரி அந்தப் பில்லைப் பார்த்து உங்களை விடப்போவதில்லை.