நகர்ந்த மொட்டு

என் கடல்நீர்த் தொட்டியில் பூப்போல விரிந்து மூடும் பச்சை ஸோவாந்தஸ் பவளக் கூட்டம் ஒன்று பத்து நாளாக விரியவே இல்லை. உப்படர்த்தி 1.025, நைட்ரேட்டும் சரி. தண்ணீரை மாற்றினேன், விளக்கைக் குறைத்தேன். கொத்துகிறதோ என்று ஒரு மீனைத் தனியே ஒதுக்கியும் பார்த்தேன். பலனில்லை.

நள்ளிரவில் டார்ச் அடித்தபோது, மூடிக் கிடந்த மொட்டுகளில் ஒன்று நகர்ந்தது! ஸோவாந்தஸைத் தின்னும் ஓடில்லாக் கடல்நத்தை அது. தின்ற பவளத்தின் நிறமே அதன் முதுகு இழைகளில் ஏறிவிடுவதால், கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை.

கூட்டத்தை வெளியே எடுத்து, அயோடின் கரைசலில் முக்கி, பிச்சுகாரியால் நீரைப் பீய்ச்சினேன். ஐந்து நத்தைகள் உதிர்ந்தன. ஒரே வாரத்தில் பவளம் மீண்டும் மூடிக்கொண்டது. நத்தையின் முட்டைகளை அந்தக் கரைசல் கொல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது. காம்புகளுக்கு இடையிலும் கல்லின் அடியிலும் மெல்லிய வெண்சுருள்களாக ஒட்டியிருந்தன. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து (இந்த வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு) அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை முக்கினேன்.

நேற்று எல்லாம் விரிந்துவிட்டன, அப்பாடா. வீண்பழி சுமந்த மீனும் தொட்டிக்குத் திரும்பிவிட்டது.